அஞ்சல்பெட்டிக் கோப்பில் பூட்டுச் சிக்கல்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எம்பாக்ஸ் என்ற மின்னஞ்சல் சேமிப்பு வடிவத்தில் ஒருவருக்கு வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். ஒரு கடிதம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு வெற்று வரியும், ‘ஃப்ரம்’ என்ற சொல்லும் இடைவெளியுமாகத் தொடங்கும் ஒரு வரியும்தான் அடையாளம். பட்டுவாடா செய்யும் நிரல் கோப்பின் கடைசியில் எழுதுகிறது. படிக்கும் செயலியோ ‘படித்தாயிற்று’ என்று குறிப்பதற்கும், நீக்கிய கடிதத்தை அகற்றுவதற்கும் கோப்பின் நடுவில் கைவைக்கிறது. பல நேரம் அந்த இடத்திலிருந்து கடைசி வரை உள்ள அனைத்தையும் நகர்த்தி எழுதுகிறது. இரண்டும் ஒரே நொடியில் நடந்தால் எது மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் பூட்டு.

பூட்டு என்றதும் கோப்பு இறுகச் சாத்தப்பட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். யூனிக்ஸ் குடும்பக் கணினிகளில் இது ஒரு மரியாதை ஏற்பாடு. கேட்டுவிட்டு நுழைகிறவருக்குத்தான் பூட்டு தெரியும். கேட்காமல் எழுதும் நிரலைக் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) தடுப்பதில்லை. கேட்கும் முறையும் ஒன்றல்ல. அஞ்சல்பெட்டியின் பெயரோடு ‘.லாக்’ என்று சேர்த்து ஒரு சிறு கோப்பை உருவாக்குவது டாட்லாக். கெர்னலிடம் கேட்பதில் எஃப்சிஎன்டிஎல், எஃப்லாக் என்று இரண்டு உண்டு. லாக்எஃப் என்று நான்காவதாக ஒரு பெயர் அடிபடும். லினக்ஸில் அது எஃப்சிஎன்டிஎல்லின் மேல் போட்ட சட்டைதான். லினக்ஸில் உள்ளூர் வட்டில் இருக்கும் ஒரு கோப்பின்மீது எஃப்சிஎன்டிஎல் பூட்டும் எஃப்லாக் பூட்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. ஒரே அறைக்கு இரண்டு கதவு. ஒருவர் முன்கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்க, மற்றவர் பின்கதவைப் பூட்டிவிட்டு அதே அறைக்குள் நிற்கிறார். கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒரு பட்டியல் போடுங்கள்: இந்தக் கோப்பைத் தொடும் நிரல்கள் எவை, ஒவ்வொன்றும் எந்தப் பூட்டை, எந்த வரிசையில் கேட்கிறது. பட்டுவாடா செய்வது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வராக இருந்தால் போஸ்ட்கான்ஃப் கட்டளையில் ‘மெயில்பாக்ஸ்_டெலிவரி_லாக்’ என்ற அமைப்பு சொல்லும். கடிதங்களைத் தொலைவிலிருந்து படிக்கத் தரும் டவ்காட் சர்வரில் ‘எம்பாக்ஸ்_ரீட்_லாக்ஸ்’, ‘எம்பாக்ஸ்_ரைட்_லாக்ஸ்’ இரண்டையும் பார்க்க வேண்டும். கடிதங்களை விதிப்படி பிரித்துப் போடும் ப்ராக்மெயிலையும், முனையத்தில் கடிதம் படிக்கும் மட் செயலியையும் ‘-வி’ விருப்பத்தோடு ஓட்டினால், தொகுக்கும்போது எந்தப் பூட்டுகளைச் சேர்த்தார்கள் என்று அவையே அச்சிடும். நீங்களோ உங்களுக்கு முன் இருந்தவரோ எழுதிய ஸ்கிரிப்டுகள்தான் இந்தப் பட்டியலில் மறந்துபோகும். இரவில் பழைய கடிதங்களைக் களையும் ஸ்கிரிப்ட், காப்பு நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட், எச்சரிக்கைச் செய்தியை நேரடியாகப் பெட்டியில் கொட்டும் ஸ்கிரிப்ட் ஆகிய மூன்றையும் குறிப்பாகத் தேடுங்கள்.

அறிகுறி: ‘பூட்ட முடியவில்லை’ என்கிறது, .லாக் கோப்பும் கிடக்கிறது

இருப்பதிலேயே எளிய வகை இது. யாரோ டாட்லாக்கை உருவாக்கிவிட்டு, அழிக்காமல் செத்துப் போயிருக்கிறார்கள். அல்லது உண்மையிலேயே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். மட் செயலி இந்த நிலையில் சில முறை முயன்றுவிட்டு, பூட்டை நீக்கிவிடட்டுமா என்று உங்களிடமே கேட்கும். ‘ஆம்’ என்று தட்டுவதற்கு முன் அந்த .லாக் கோப்பைத் திறந்து பாருங்கள். பல நிரல்கள் தங்கள் செயல்முறை எண்ணை அதில் எழுதிவைக்கும். டவ்காட் எண்ணோடு கணினியின் பெயரையும் எழுதும். அந்த எண்ணில் ஒரு செயல்முறை ஓடுகிறதா, ஓடினால் அது அஞ்சல் நிரல்தானா என்று பார்த்தால் போதும். கணினியை மறுபடி துவக்கிய பிறகு அதே எண் வேறொரு நிரலுக்குப் போயிருக்கலாம், ஆகவே எண் உயிரோடிருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. ப்ராக்மெயிலும் அதன் உடன்பிறப்பான லாக்ஃபைல் கட்டளையும் எண் எழுதுவதில்லை, வெறும் சுழியம்தான் இருக்கும். அப்போது கோப்பின் நேரமுத்திரையும், ஃபியூசர் அல்லது எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டும் பட்டியலும்தான் துணை. அஞ்சல்பெட்டியை யாரும் திறந்து வைத்திருக்கவில்லை, பூட்டும் பழையது என்றால் அது அநாதைப் பூட்டு. அழித்துவிடலாம்.

அநாதைப் பூட்டைத் தானாக அகற்ற ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கெடு இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பாக 500 நொடி, ப்ராக்மெயிலில் 1024 நொடி. டவ்காட் வேறு விதமாக யோசிக்கிறது: அஞ்சல்பெட்டியில் 2 நிமிடம் எந்த மாற்றமும் இல்லையென்றால் டாட்லாக்கைச் செத்ததாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஸ்கிரிப்டில் லாக்ஃபைல் கட்டளையை வெறுமனே அழைத்தால் கெடுவே கிடையாது. 8 நொடிக்கு ஒருமுறை முயன்றுகொண்டு, யுகம் முடியும் வரை காத்திருக்கும். நேரப்படி வேலைகளைத் துவக்கும் கிரான் வழியாக 5 நிமிடத்துக்கு ஒன்று என்று ஸ்கிரிப்டைத் துவக்கியிருந்தால், காலையில் செயல்முறைப் பட்டியலைப் பார்க்கும்போது ஒரு படையே வரிசையில் நிற்கும். ‘-ஆர்’ விருப்பத்தில் எத்தனை முயற்சி என்றும், ‘-எல்’ விருப்பத்தில் எத்தனை நொடிக்குப் பின் பழைய பூட்டைப் பிடுங்கலாம் என்றும் எப்போதும் சொல்லிவிடுங்கள்.

அநாதைப் பூட்டு மறுபடி மறுபடி முளைத்தால் அதை அழித்துக்கொண்டே இருப்பது வைத்தியமாகாது. பூட்டை எடுத்த ஸ்கிரிப்ட் நடுவழியில் ஏன் சாகிறது என்று தேட வேண்டும். ஷெல் ஸ்கிரிப்டில் ட்ராப் கட்டளையால் வெளியேறும்போது .லாக்கை அழிக்கச் சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். சொல்லியிருந்தாலும் ‘கில் -9’ வந்தால் ட்ராப் ஓடாது. நினைவகம் தீர்ந்து கெர்னல் கொல்லும்போதும் அதே கதைதான். கெர்னல் பூட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, செயல்முறை இறந்ததும் பூட்டும் போய்விடும்.

அறிகுறி: .லாக் கோப்பே இல்லை, ஆனாலும் பூட்ட முடியவில்லை

பதிவேட்டில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். டாட்லாக் என்பது அஞ்சல்பெட்டி இருக்கும் கோப்புறையில் புதுக் கோப்பை உருவாக்கும் வேலை. ஆகவே அஞ்சல்பெட்டிக்கு எழுதும் உரிமை இருந்தும் பயனில்லை. கோப்புறைக்கு எழுதும் உரிமை வேண்டும். ‘/வார்/மெயில்’ கோப்புறை டெபியன் லினக்ஸில் ரூட் பயனரும் மெயில் குழுவும் மட்டும் எழுதக்கூடியதாக, 2775 என்ற அனுமதியோடு இருக்கும். சாதாரணப் பயனராக ஓடும் ஸ்கிரிப்டுக்கு அங்கே இடமில்லை.

இதற்குச் சிலர் கோப்புறையை 777 ஆக்கிவிடுவார்கள். அன்றோடு சிக்கல் தீரும். அன்றிலிருந்து அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் பிறருடைய பெட்டியை அழிக்கவும் போலிப் பூட்டு போட்டு முடக்கவும் முடியும். வேறு வழிகள் உண்டு. மட் தன்னுடன் மட்_டாட்லாக் என்ற குட்டி நிரலைக் கொண்டுவருகிறது. அது மெயில் குழுவின் உரிமையோடு ஓடி, பூட்டை மட்டும் போட்டுத் தரும். ஸ்கிரிப்டுகளுக்கு டெபியனில் டாட்லாக்ஃபைல் என்ற கட்டளை அதே வேலையைச் செய்கிறது. டவ்காட்டுக்கு ‘மெயில்_ப்ரிவிலெஜ்ட்_க்ரூப்’ என்ற அமைப்பில் மெயில் என்று குறித்தால் போதும். பயனரின் சொந்த ஸ்கிரிப்டாக இருந்தால், அஞ்சல்பெட்டியை அவருடைய வீட்டுக் கோப்புறைக்கே மாற்றுவது எல்லாவற்றிலும் சுத்தம்.

அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் மறுக்கிறதா? எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் ஆகிய கூடுதல் பாதுகாப்பு அடுக்குகளின் பதிவுகளைப் பாருங்கள். வட்டு நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இடம் இருந்தும் ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் வட்டில் ஒதுக்கப்படும் அடையாளப் பதிவு) தீர்ந்திருந்தால் சுழியம் பைட் கோப்பைக்கூட உருவாக்க முடியாது.

டவ்காட்டில் ‘டாட்லாக்_ட்ரை’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அனுமதி இல்லை, இடம் இல்லை என்றால் டாட்லாக்கைத் தாண்டிக்கொண்டு போய்விடும். பிழைச்செய்தி மறையும் என்பதால் பலருக்கு இது பிடிக்கும். பட்டுவாடா நிரல் டாட்லாக்கை மட்டும் நம்பி இருக்குமானால், நீங்கள் செய்தது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்ததுதான்.

அறிகுறி: யாரும் முறையிடவில்லை, ஆனால் கடிதங்கள் காணாமல் போகின்றன, சிதைகின்றன

கவலைப்பட வேண்டிய வகை இதுதான். பூட்ட முடியவில்லை என்று நிரல் கூச்சலிடும்வரை உங்கள் கடிதங்கள் பத்திரம்: போஸ்ட்ஃபிக்ஸ் பூட்டு கிடைக்காவிட்டால் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு பிறகு முயலும். எல்லோரும் வெற்றிகரமாகப் பூட்டிக்கொண்டு, அந்தப் பூட்டுகள் ஒன்றையொன்று சந்திக்காமல் இருக்கும்போதுதான் சேதம் நடக்கிறது. ஒரு கடிதத்தின் நடுவில் இன்னொன்றின் தலைப்புவரிகள் தென்படும். ஒரு கடிதம் பாதியில் அறுந்திருக்கும். அடுத்த கடிதம் எதிர்பாராமல் தொலைந்துவிட்டது என்று டவ்காட் பதிவேட்டில் எழுதும். பெட்டி கெட்டுவிட்டது என்று மட் அறிவிக்கும்.

பூட்டுகள் சந்திக்கின்றனவா என்பதை ஊகிக்க வேண்டாம், சோதிக்கலாம். சோதனைக்கென ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் நாலே வரியில் அந்தப் பெட்டியை எழுதும் நிலையில் திறந்து, லாக்எஃப் பூட்டைப் போட்டு, 60 நொடி தூங்கச் சொல்லுங்கள். அது தூங்கும்போது இன்னொரு முனையத்திலிருந்து அந்தக் கணக்குக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். பட்டுவாடா காத்திருந்தால் எஃப்சிஎன்டிஎல் விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். கடிதம் உடனே பெட்டிக்குள் விழுந்தால், அந்த நிரல் இந்தப் பூட்டைக் கேட்பதில்லை. அடுத்து கையால் ஒரு .லாக் கோப்பை உருவாக்கி அதே சோதனையைத் திருப்பிச் செய்யுங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் இந்த இரண்டு சோதனையும் நடந்தால், நீங்கள் போட்ட பட்டியல் உண்மையா என்று தெரிந்துவிடும்.

நடந்துகொண்டிருக்கும்போதே பார்க்க எல்எஸ்லாக்ஸ் கட்டளை இருக்கிறது. அது இல்லாவிட்டால் ‘/ப்ராக்/லாக்ஸ்’ கோப்பை நேரடியாகப் படிக்கலாம். அதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

4: பாசிக்ஸ் அட்வைசரி ரைட் 2187 08:01:393842 0 இஓஎஃப்

பாசிக்ஸ் என்றால் எஃப்சிஎன்டிஎல் பூட்டு. எஃப்லாக் பூட்டாக இருந்தால் அந்த இடத்தில் எஃப்லாக் என்றே இருக்கும். ரைட் என்பது எழுதுவதற்கான பூட்டு. 2187 செயல்முறை எண். அதன்பின் வட்டின் எண்ணும், கடைசியாக 393842 என்று கோப்பின் ஐநோட் எண்ணும். 0 முதல் இஓஎஃப் வரை என்றால் கோப்பு முழுவதும். அம்புக்குறியோடு வரும் வரி, பூட்டுக்காகக் காத்து நிற்பவருடையது. பெட்டியின் ஐநோட் எண்ணை ‘எல்எஸ் -ஐ’ கட்டளையில் எடுத்துக்கொண்டு இந்தப் பட்டியலில் தேடுங்கள். ஒரே ஐநோட்டின்மீது பாசிக்ஸ் பூட்டு ஒன்றும் எஃப்லாக் பூட்டு ஒன்றும் எழுதும் நிலையில் ஒரே சமயம் தெரிந்தால், குற்றவாளிகள் இருவரும் கையும் களவுமாகப் பிடிபட்டார்கள்.

எஃப்லாக் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து. யூடில்-லினக்ஸ் தொகுப்பில் எஃப்லாக் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. வசதியானது, எல்லோரும் பயன்படுத்துவது. அதைப் போட்டு, அதற்குள் ‘>>’ குறியால் பெட்டியின் வாலில் சேர்த்தால் பாதுகாப்பு கிடைத்ததாகத் தோன்றும். அந்தக் கட்டளை இயல்பாகக் கேட்பது எஃப்லாக் பூட்டை. டவ்காட்டும் போஸ்ட்ஃபிக்ஸும் லினக்ஸில் வழக்கமாகக் கேட்பது எஃப்சிஎன்டிஎல்லும் டாட்லாக்கும். அந்த ஸ்கிரிப்டின் இரண்டு பிரதிகள் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க அது உதவும், அவ்வளவுதான். எஃப்லாக்கை எடுத்துவிட்டு டாட்லாக்ஃபைல் கட்டளைக்கு மாறுங்கள். அதைவிடவும் நல்லது, ஸ்கிரிப்ட் பெட்டியைத் தொடவே வேண்டாம். கடிதத்தை சென்ட்மெயில் கட்டளைக்கோ டவ்காட்டின் எல்டிஏ என்ற பட்டுவாடா நிரலுக்கோ குழாய் (பைப்) வழியே கொடுத்துவிடட்டும். பூட்டுவது அவர்கள் தொழில்.

எஃப்சிஎன்டிஎல் பூட்டைச் சரியாகக் கேட்டும் கோட்டைவிடுகிற ஓர் இடம் உண்டு. அனுபவசாலிகளையும் இது ஏமாற்றும். ஒரு செயல்முறை ஒரு கோப்பை இரண்டு முறை திறந்து, அவற்றில் எந்த ஒன்றை மூடினாலும், அந்தக் கோப்பின்மீது அந்தச் செயல்முறை வைத்திருந்த எஃப்சிஎன்டிஎல் பூட்டுகள் எல்லாம் விடுபட்டுவிடும். பாசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரத்தின் விதியே அப்படித்தான். ஸ்கிரிப்ட் பெட்டியைத் திறந்து பூட்டுகிறது. நடுவில் ஒரு துணைச் சார்பு ‘எத்தனை கடிதம் இருக்கிறது’ என்று எண்ணுவதற்காக அதே கோப்பை மறுபடி திறந்து படித்துவிட்டு மூடுகிறது. அந்த நொடியில் பூட்டு போய்விட்டது. ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. எந்தப் பிழையும் வராது. பூட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் தொடர்ந்து எழுதும். நிரல் கெர்னலை அழைப்பதைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கட்டளையில் எஃப்சிஎன்டிஎல், ஓப்பன்அட், குளோஸ் அழைப்புகளை மட்டும் வடிகட்டி ஓட்டினால், பூட்டுக்கும் எழுதுதலுக்கும் நடுவே வரும் அந்த அநாவசிய மூடல் கண்ணில் படும்.

அடுத்த காரணம் கோப்பையே மாற்றிவைப்பது. ‘செட் -ஐ’ கட்டளை ஒரு கோப்பைத் திருத்துவது போலத் தெரியும். உண்மையில் புதுக் கோப்பை எழுதி, பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறது. தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டு ‘எம்வி’ கட்டளையால் நகர்த்தும் ஸ்கிரிப்டும் அதேதான். கெர்னல் பூட்டு ஐநோட்டைச் சேர்ந்தது, பெயரைச் சேர்ந்ததல்ல. பட்டுவாடா நிரல் பழைய ஐநோட்டைத் திறந்து பூட்டுக்காகக் காத்திருக்கும்போது நீங்கள் புதுக் கோப்பை அந்தப் பெயரில் வைத்துவிட்டால், காத்திருந்தவர் பூட்டு கிடைத்ததும் பெயரில்லாத பழைய கோப்பில் கடிதத்தை எழுதிவிட்டுப் போவார். பட்டுவாடா வெற்றி என்று பதிவேடு சொல்லும். கடிதம் எங்கும் இராது. பெட்டியின் ஐநோட் எண்ணை நேற்றும் இன்றும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் யாரோ கோப்பை மாற்றிவைக்கிறார்கள். பைத்தானின் மெயில்பாக்ஸ் தொகுதியும் நீக்கிய கடிதங்களை எழுதிச் சேமிக்கும்போது இப்படிப் பெயர் மாற்றும் வழியைத்தான் பின்பற்றுகிறது. அதில் கூடுதலாக இன்னொன்று: டாட்லாக் போட அனுமதி இல்லையென்றால் அது முறையிடாமல் தாண்டிவிடும். ஆகவே அந்தத் தொகுதியைப் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட், டாட்லாக் போடும் உரிமையோடு ஓடினால்தான் பெயர் மாற்றம் பாதுகாப்பாக நடக்கும். அதோடு, லாக் என்ற அழைப்பைக் கடிதங்களைப் படிப்பதற்கு முன்பே வைக்க வேண்டும். படித்து முடிவெடுத்துவிட்டுப் பிறகு பூட்டுவது, இடையில் வந்த கடிதத்தைப் பணயம் வைப்பது.

ப்ராக்மெயில் விதியில் ஒரு முக்காற்புள்ளி குறைந்தாலும் இதே நிலைதான். ‘:0’ என்று தொடங்கும் விதி டாட்லாக் இல்லாமல் எழுதும். ‘:0:’ என்று முடிந்தால்தான் போகுமிடத்தின் பெயரிலிருந்து பூட்டுக் கோப்பு உருவாகும். விதிக் கோப்பை ஒருமுறை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். கோப்பில் சேர்க்கும் விதி எல்லாவற்றிலும் இரண்டாவது முக்காற்புள்ளி இருக்க வேண்டும். குழாய்க் குறியால் ஒரு நிரலுக்கு அனுப்பும் விதியில், ‘>>’ குறி இல்லாவிட்டால் பூட்டின் பெயரை அதனால் ஊகிக்க முடியாது. பதிவேட்டில் அப்படியே முறையிடும். அங்கே ‘:0:’ என்பதன் பின்னால் பூட்டுக் கோப்பின் பெயரை நீங்களே எழுதிவிட வேண்டும்.

பூட்டின் பாதை வேறுபடுவது இன்னொரு வகை. பயனரின் வீட்டுக் கோப்புறையில் ‘எம்பாக்ஸ்’ என்ற பெயரில் ஒரு குறியீட்டு இணைப்பு, அது ‘/வார்/மெயில்’ கோப்புறையில் உள்ள பெட்டியைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பைப் பின்தொடராத நிரல் ‘எம்பாக்ஸ்.லாக்’ என்று வீட்டுக்குள் பூட்டுகிறது. மற்றது ‘/வார்/மெயில்’ கோப்புறைக்குள் பூட்டுகிறது. நிரலைத் தனிச் சூழலில் அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களில் இது இன்னும் நுணுக்கமாக ஒளிந்துகொள்ளும். பெட்டிக் கோப்பை மட்டும் தனியாக உள்ளே பொருத்தியிருந்தால், .லாக் கோப்பு கன்டெய்னரின் சொந்தக் கோப்புறையில்தான் உருவாகும். வெளியே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. கோப்பைப் பொருத்தாமல் அது இருக்கும் கோப்புறையைப் பொருத்துங்கள். அப்போதும் .லாக்கிற்குள் எழுதிய செயல்முறை எண் கன்டெய்னருக்கு உள்ளே ஒரு பொருள், வெளியே வேறு பொருள். எண் செத்துவிட்டது என்று நம்பி உயிருள்ள பூட்டைப் பிடுங்கிவிட வாய்ப்புண்டு.

அறிகுறி: கடிதம் வருகிறது, ஆனால் தாமதமாக

தாமதத்தின் அளவே துப்பு. 8 நொடி, 16 நொடி, 24 நொடி என்று எட்டின் மடங்கில் தாமதித்தால் ப்ராக்மெயில் பூட்டுக்காகக் காத்திருக்கிறது. 17 நிமிடத்துக்குச் சற்று மேல் என்றால் அதே ப்ராக்மெயில் 1024 நொடிக் கெடு முடிந்து, யாருடைய பூட்டையோ வலுக்கட்டாயமாக அகற்றியிருக்கிறது. அதையும் பதிவேட்டில் எழுதியிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு நொடி இடைவெளியில் 20 முறை முயன்றுவிட்டுக் கடிதத்தை வரிசைக்குத் திருப்புகிறது, ஆகவே அங்கே தாமதம் வரிசை மறுமுயற்சியின் இடைவெளியாகத் தெரியும். டவ்காட் 5 நிமிடம் வரை பொறுக்கும்.

காரணம் சில நேரம் எளிது: பல ஜிகாபைட் பெட்டி, அதில் முதல் கடிதத்தை நீக்கினால் முழுக் கோப்பும் நகர வேண்டும், அதுவரை பூட்டும் விடுபடாது. பழைய கடிதங்களைத் தனிக் கோப்புக்கு மாற்றினால் தீரும்.

பெட்டி சிறியதாக இருந்தும் தாமதித்தால் பூட்டும் வரிசையைப் பாருங்கள். ஒருவர் எஃப்சிஎன்டிஎல்லை எடுத்துவிட்டு டாட்லாக்குக்குக் காத்திருக்கிறார். மற்றவர் டாட்லாக்கை எடுத்துவிட்டு எஃப்சிஎன்டிஎல்லுக்குக் காத்திருக்கிறார். யாராவது ஒருவருக்குக் கெடு முடியும் வரை இருவரும் அசையமாட்டார்கள். டெபியனின் கொள்கை ஆவணம் இதற்காகவே எஃப்சிஎன்டிஎல் முதலில், டாட்லாக் அடுத்து என்று வரையறுத்திருக்கிறது. டவ்காட் மூல வெளியீட்டின் இயல்புநிலையோ எழுதும் பூட்டுக்கு டாட்லாக் முதலில், எஃப்சிஎன்டிஎல் அடுத்து. மூலத்திலிருந்து தொகுத்த டவ்காட்டை டெபியன் தந்த மற்ற நிரல்களோடு சேர்த்து ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். எந்த வரிசை என்பது பெரிதல்ல, எல்லோருக்கும் ஒரே வரிசை என்பதே முக்கியம்.

டாட்லாக் தனக்குத் தெரியாமல் மாற்றப்பட்டுவிட்டது என்ற பொருளில் டவ்காட் முறையிட்டால், வேறு எவரோ அதைச் செத்த பூட்டு என்று நினைத்துப் பிடுங்கியிருக்கிறார்கள். கெடுவைக் குறைத்து வைத்திருக்கும் ஸ்கிரிப்டைத் தேடுங்கள்.

அறிகுறி: பெட்டி என்எஃப்எஸ் (வலைப்பின்னல்வழிக் கோப்புப் பகிர்வு) வழியாகப் பகிரப்பட்டிருக்கிறது, எதுவும் சரியாக இல்லை

பூட்டு எதுவும் கிடைக்காது என்ற பொருளில் ‘ஈஎன்ஓஎல்சிகே’ பிழை வந்தால், என்எஃப்எஸ் பதிப்பு 3-இல் பூட்டைக் கவனிக்கும் லாக்டி, ஸ்டாட்டி சேவைகள் ஓடவில்லை அல்லது தீச்சுவர் அவற்றை மறிக்கிறது. பதிப்பு 4-இல் பூட்டு நெறிமுறைக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு. இந்தப் பிழையைக் கண்டு பலர் பொருத்தும்போது ‘நோலாக்’ விருப்பத்தைச் சேர்ப்பார்கள். பிழை மறையும், பூட்டும் அந்தந்தக் கணினிக்குள்ளேயே முடங்கிவிடும். இரண்டு கணினிகள் ஒரே சமயத்தில் ஒரே பெட்டியை ‘பூட்டி’ எழுதும். பொருத்தல் பட்டியலில் நோலாக் தெரிந்தால் முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள்.

கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் டாட்லாக்கின் வயதைத் தவறாகக் கணக்கிட்டு, நேற்றுப் பிறந்த பூட்டைக் கிழவன் என்று பிடுங்கிவிடுவார்கள். கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி ஓடட்டும். லினக்ஸ் 2.6.12 முதல் என்எஃப்எஸ்மீது கேட்கும் எஃப்லாக் பூட்டு எஃப்சிஎன்டிஎல் பூட்டாக மாற்றப்பட்டு சர்வருக்குப் போகிறது. ஆகவே உள்ளூர் வட்டில் சந்திக்காத இரண்டு பூட்டுகள் இங்கே சந்திக்கும். என்எஃப்எஸ்ஸில் ஒழுங்காக இருந்தது, உள்ளூர் வட்டுக்கு மாற்றியதும் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் வியக்க வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், பல கணினிகள் எழுதும் எம்பாக்ஸை என்எஃப்எஸ்ஸில் வைப்பதே கூடாது. ஒரே சர்வர் கோப்பைத் தொடட்டும், மற்றவர்கள் ஐமேப் என்ற அஞ்சல் படிக்கும் நெறிமுறை வழியே வரட்டும்.

அறிகுறி: ‘பெட்டி வெளியிலிருந்து மாற்றப்பட்டுள்ளது’ என்று மட் சொல்கிறது

நீங்கள் திறந்து வைத்திருந்தபோது மற்றொரு நிரல் கோப்பை மாற்றியிருக்கிறது என்பதுதான் பொருள். இன்னொரு முனையத்தில் திறந்திருக்கும் இரண்டாவது மட், அல்லது கைபேசியிலிருந்து ஐமேப் வழியே படித்தது காரணமாக இருக்கும். எப்போதாவது வந்தால் விட்டுவிடலாம். குறிகள் சில மாறியிருக்கும், கடிதம் போகாது.

தண்டர்பேர்டின் உள்ளூர்க் கோப்புறைகளும் எம்பாக்ஸ் வடிவக் கோப்புகள்தான். அவற்றில் ஸ்கிரிப்டால் நேரடியாக எழுதும் ஆசை பலருக்கு வரும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் எம்எஸ்எஃப் குறிப்புக் கோப்பு வேறு ஒரு கணக்கு வைத்திருக்கும். ஏற்கெனவே எழுதி, கடிதப் பட்டியல் குழம்பியிருந்தால் தண்டர்பேர்டை மூடி, கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு, திறந்து அந்தக் கோப்புறையின் பண்புகளில் பழுதுபார்க்கும் பொத்தானை அழுத்துங்கள்.

சிதைந்த பெட்டியைச் சீர்செய்வது

பட்டுவாடாவை நிறுத்துங்கள், செயலிகளை மூடுங்கள், கோப்பை நகலெடுத்து நகலில் வேலை செய்யுங்கள். ஃப்ரம் என்று தொடங்கும் வரிகளை மட்டும் வரி எண்ணோடு எடுத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய வரி வெற்று வரியாக இல்லாத இடங்கள்தான் இரண்டு கடிதங்கள் மோதிய இடங்கள். ஒரு வெற்று வரியைச் சேர்த்தால் பெரும்பாலானவை பிரிந்துவிடும். மேலெழுதப்பட்டுப் போன பகுதியை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது, காப்பு நகல்தான் கதி. அந்த நகலும் பூட்டாமல் எடுத்ததாக இருந்தால் அதுவும் பாதியில் அறுந்திருக்கலாம். அதனால்தான் தொடக்கத்தில் சொன்ன பட்டியலில் காப்பு ஸ்கிரிப்டையும் சேர்க்கச் சொன்னேன். சீர்செய்த கோப்பைத் திரும்ப வைக்கும்போது உரிமையாளர், குழு, அனுமதி மூன்றும் பழையபடி இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டவ்காட்டின் குறிப்புக் கோப்புகளை அழித்து மறுபடி உருவாகவிடுங்கள்.

மெயில்டிருக்கு மாறுவதாக இருந்தால்

டேனியல் பெர்ன்ஸ்டைன் க்யூமெயிலுக்காக வகுத்த மெயில்டிர் வடிவத்தில் ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு. முதலில் ‘டிஎம்பி’ கோப்புறையில் எழுதி, முடிந்ததும் ‘நியூ’ கோப்புறைக்கு நகர்த்துவதால் பட்டுவாடாவுக்குப் பூட்டே தேவையில்லை. போஸ்ட்ஃபிக்ஸின் ‘ஹோம்_மெயில்பாக்ஸ்’ அமைப்பிலும் ப்ராக்மெயில் விதியிலும் பெயரின் முடிவில் ஒரு சாய்கோடு சேர்த்தால் மெயில்டிர் என்று புரிந்துகொள்ளும். பழைய கடிதங்களை டவ்அட்மின் சிங்க் கட்டளையால் கொண்டுவரலாம். மாற்றுகிற நேரத்தில் பட்டுவாடா நின்றிருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தினால் அனுப்பும் சர்வர்கள் தங்கள் வரிசையில் வைத்திருந்து பிறகு தரும். மாறிய பின் ‘:0:’ என்று இருக்கும் பழைய விதிகளுக்கு ப்ராக்மெயில், தேவையற்ற பூட்டைப் புறக்கணிக்கிறேன் என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதும். கேடு ஒன்றுமில்லை, இரண்டாவது முக்காற்புள்ளியை எடுத்துவிட்டால் அதுவும் நின்றுவிடும். ஆனால் இன்னும் எம்பாக்ஸாகவே இருக்கும் கோப்புறைகளுக்கான விதிகளில் அதைத் தொட்டுவிடாதீர்கள்.